உதகையின் வயது

2022இல் தமிழ்நாட்டு அரசு உதகமண்டலத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடிற்று. எதிலிருந்து 200? கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இலேயே கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியை அடைந்துவிட்டார். ஆயினும் உதகையில் அவர் கல் பங்களா கட்டத் தொடங்கிய 1822ஆம் ஆண்டே கணக்கில் கொள்ளப்பட்டது. அவ்வீடு இன்றும் அரசு கலைக் கல்லூரியில் நிற்கிறது. கட்டடமும் கடிதமும் ஒருவர் பெயரும் கிடைத்தால் அரசுக்கு விழா ஆண்டும் கிடைத்துவிடுகிறது.

1603இல் இம்மலையேறிய பெனிசியோ பாதிரியார் தோடரையும் படகரையும் கண்டு எழுதியுள்ளார். அவர்கள் என்று குடியேறினர் என்பதற்கு ஓலை இல்லை. எனவே விழாவும் இல்லை. இத்தனைக்கும், ஆங்கிலேயர் வழங்கிய ‘ஊட்டகமண்ட்’ என்னும் பெயரின் ஈற்றில் நிற்பது தோடரின் மந்துதான்!

சல்லிவனைப் போற்றியதை நான் குறைகூறேன். ஏரியை அமைத்தவர் அவரே. ஆனால் 200 என்பது நகரின் வயது. அதனை ஊரின் வயதென்று பிள்ளைகளுக்குச் சொல்ல, தலைமையாசிரியனாயிருந்து ஓய்வுபெற்ற எனக்கு நா எழவில்லை.