ஆங்கிலம் கற்பிப்போரும் கற்க வேண்டும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏன் பின்தங்குகிறார்கள் என்று பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அத்தலைப்பை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்றால், அவர்களை அழைத்துச் சென்றவன் எங்கே நின்றான் என்று முதலில் கேட்பதே முறை. ஆகவே, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்கு அளிக்கப்படும் மொழிப் பயிற்சியைப் பற்றிப் பேச விரும்பினேன். தலைவர் அவர்கள் பெருந்தன்மையுடன் இசைந்தார்கள்.

ஆங்கிலம் நமக்கு ஏன் வேண்டும் என்று இந்த அவையில் விளக்கத் தேவையில்லை. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தமிழில் தொடங்கினார். அவரே 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடினார். அண்ணலோ 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று பயின்று, உலகறிய ஆங்கிலத்தில் எழுதினார்; 1920-இல் 'மூக்நாயக்' இதழைத் தம் மக்களின் மராத்தியில் நடத்தினார். தம் மக்களுடன் பேச ஒரு மொழி, ஆட்சியாளருடன் பேச ஒரு மொழி என இரண்டையும் அவர்கள் கையாண்டார்கள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆசிரியர்களைத் திரட்டி ஆங்கிலப் பயிற்சி அளிக்கும் வழக்கம் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருந்திட்டம் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் தொடங்கப்பட்டது. அதற்குச் 'சென்னைப் பனிப்பந்து' என்று பெயர் வழங்கியது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டங்களுக்குச் சென்று பலருக்குப் பயிற்சி. அப்பலர் இன்னும் பலருக்கு. பனிப்பந்து உருள உருளப் பெருப்பது போல இதுவும் பெருகும் என்பது கணக்கு. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து அரிதுக்குப் படிப்படியாக அடுக்கி, பொருளைக் கையில் காட்டி, வாயால் சொல்லவைத்துப் பழக்குவது அதன் முறை. அதற்கு முன்னர் இலக்கண விதிகளை நெட்டுருப் போடவைத்த வகுப்புகளுக்கு அது ஒரு நல்ல மாற்றமே.

ஆனால் நம் ஊரில் பனி ஏது? நாம் அறிந்தது மோர். முதல் வீட்டில் கடைந்த மோர் பத்து வீடு தாண்டும்போது வீட்டுக்கு ஒரு செம்பு நீர் சேர்ந்துவிடும். கைமாறிக் கைமாறி வரும் பயிற்சியின் குறை இதுதான். அட்டையைத் தூக்கிக் காட்டும் விதம் கடைசி ஆசிரியர் வரை வந்து சேரும். ஏன் தூக்கிக் காட்ட வேண்டும் என்னும் விளக்கம் நடுவழியில் நின்றுவிடும். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. எப்படிக் கற்பிப்பது என்பதைச் சில நாளில் சொல்லிவிடலாம். கற்பிக்க வேண்டிய மொழியே ஆசிரியர் கையில் போதிய அளவு இல்லையென்றால், எந்த முறையும் அவரைக் காப்பாற்றாது.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. 1983-இல், பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு நகரத்தில் நடந்த பத்து நாள் பணியிடைப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். என் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைக் கடந்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தை நான் கண்ணால் கற்றவனேயன்றிக் காதால் கற்றவனல்லன். முதல் நாள் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். முட்டையைக் குறிக்கும் சொல்லை 'யெக்' என்று படித்தேன். பயிற்சி அளித்தவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். அறை முழுவதும் சிரித்தது. எஞ்சிய ஒன்பது நாளும் நான் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன், பயணப்படி பெற்றேன், சான்றிதழும் பெற்றேன். ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே, தவறாகப் படித்த ஒரு சிறுவனைப் பார்த்து அதேபோலச் சிரித்தேன். அந்தப் பத்து நாளில் நான் முழுமையாகக் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றே.

அந்தச் சிறுவன் அவ்வாண்டு முழுவதும் என் வகுப்பில் பேசவில்லை. அந்த ஊமைத்தனத்தை மந்தம் என்று மதிப்பீட்டில் எழுதினேன். அது என் கைவேலை என்று அறியச் சில ஆண்டுகள் பிடித்தன.

இன்னொரு நிகழ்ச்சி. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், 'நாம் திருவிழாவுக்குச் சென்றோம்' என்னும் பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, 'வீ என்றால் நாம்' என்றேன். நம் தெருவிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "ஐயா, இது நாமா, நாங்களா?" என்று கேட்டாள். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்பவர் நீங்கலாக. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அவள் கேட்டது இலக்கண ஐயம்தான். ஆயினும், அந்த ஊர்த் திருவிழாவில் யார் சேர்த்தி, யார் நீங்கல் என்பது வகுப்பிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். "இரண்டும் ஒன்றுதான், உட்கார்" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரண்டும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு விடைதான் தெரியவில்லை.

பல ஆண்டு கழித்து வேறொரு பயிலரங்கில் கலந்துகொண்டேன். அதை நடத்தியவர் முதல் நாளில் எங்களுக்கு எதையும் போதிக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்டு, உங்களால் விடை சொல்ல இயலாத கேள்வி ஒன்றை எழுதித் தாருங்கள் என்றார். நான் அந்தப் பிள்ளையின் கேள்வியை எழுதினேன். அன்று பிற்பகல் முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். 'வீ' என்னும் சொல்லில் யார் அடக்கம் என்பதை ஆங்கிலம் சொல்லிலே காட்டாது; சூழலிலே காட்டும்; கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். நம் மொழி சொல்லிலேயே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கருவி எங்கள் கையில் இருக்கிறது என்பதை, ஆங்கிலப் பயிற்சிக்குப் போன இடத்தில் அறிந்துகொண்டேன்.

மறுநாள் 'தி' என்னும் சிறுசொல்லை எடுத்துக்கொண்டோம். தமிழில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு அது விளங்காது என்பதே நாங்கள் வழக்கமாகச் சொல்லிவந்த சமாதானம். அவர் பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினார்: 'பேனா வாங்கினேன்.' 'பேனாவை வாங்கினேன்.' வேறுபாடு என்ன என்று கேட்டார். முதலாவது ஏதோ ஒரு பேனா. இரண்டாவது, பேசுபவரும் கேட்பவரும் முன்பே அறிந்த அந்தப் பேனா. 'ஐ' உருபு செய்யும் அந்த வேலையின் ஒரு பகுதியையே 'தி' செய்கிறது என்றார். எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்று எச்சரிக்கவும் செய்தார். எனினும், இருளில் நின்றவனுக்கு ஒரு சாளரம் திறந்தது போலிருந்தது.

ஒலிப்பையும் அவ்வாறே அணுகினோம். குண்டூசிக்குரிய ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டிக்குரிய சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றே வரும். நம் எழுத்து அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆனால் நம் வாயில் இரண்டு ஒலியும் உண்டு. 'அப்பா' என்னும்போது வல்லொலி. 'கம்பு' என்னும்போது அதே எழுத்துக்கு மெல்லிய அதிர்வொலி. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு தெரியும். 'கம்பு' என்பதில் வரும் ஒலியைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவருவது மட்டுமே புதிய பழக்கம். 'யெக்' என்று நான் படித்ததற்கும் காரணம் கிடைத்தது. சொல்லின் முதலில் வரும் எகரத்தைப் பேச்சில் யகரம் சேர்த்து ஒலிப்பது நம் வழக்கம். அது அறியாமையன்று, ஒரு மொழியின் பழக்கம் மற்றொன்றில் நுழைந்தது. காரணம் தெரிந்தபின் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு வாரம்தான் பிடித்தது. அதே பிழையைச் சிரிப்பினால் திருத்த முயன்றவர் என் பேச்சையே நிறுத்திவிட்டார்.

முறைகளைப் பற்றியும் ஒரு சொல். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு அவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசைப்படுத்திப் போதிக்காமல், இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, பிள்ளைகள் சிந்தித்து விடை காணச் செய்தார். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழியமைப்பு தானே வேரூன்றும் என்பது அவர் கொள்கை. பின்னர் 1990-இல் எழுதிய கட்டுரையில், எல்லார்க்கும் பொருந்தும் சிறந்த முறை என ஒன்றில்லை என்றும், எது பயன் தரும் என்னும் ஆசிரியரின் சொந்த உணர்வே வகுப்புக்கு உயிர் தருகிறது என்றும் அவர் வாதிட்டார். இதை நான் பெரிதும் மதிக்கிறேன். பயிலரங்கின் வேலை, ஆயத்தமான முறையொன்றை ஆசிரியர் தலையில் ஏற்றி அனுப்புவதன்று. அவருடைய உணர்வைக் கூர்மைப்படுத்துவது.

இனி நம் சங்கத்திடம் என் வேண்டுகோளைச் சொல்லி முடிக்கிறேன். வெள்ளி விழா நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஆங்கில நூல்கள் வாங்கலாம் என்று ஒரு கருத்து உள்ளது. நல்ல கருத்து, அதை நான் தடுக்கவில்லை. ஆனால் திறக்கத் தெரியாதவன் கையில் பெட்டியைக் கொடுத்துப் பயனில்லை. அந்நிதியில் ஒரு சிறு பங்கை, மாலை வகுப்பு ஆசிரியர்களுக்கும், சுற்றுப் பள்ளிகளிலிருந்து விரும்பி வரும் ஆசிரியர்களுக்கும் மாதம் ஒரு நாள் மொழிப் பயிலரங்கு நடத்த ஒதுக்குங்கள். கரும்பலகை நம்மிடம் இருக்கிறது. தேநீருக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் ஆகும் செலவே செலவு.

அதற்குச் சில நெறிகளை முன்வைக்கிறேன். முற்பகல் முழுவதும் ஆசிரியரின் சொந்த ஆங்கிலத்திற்கே உரியதாக இருக்கட்டும்: படித்தல், பேசுதல், ஒரு பக்கம் எழுதுதல். பிற்பகலில் ஒருவர் உண்மையான பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்த, மற்றவர்கள் பார்க்கட்டும். ஒரு மாதத்தில் கற்றதை வகுப்பில் செய்து பார்த்து, அடுத்த மாதம் வந்து என்ன நடந்தது என்று சொல்லட்டும். திரும்பி வராத பயிற்சி மறந்துபோகும். பெண் ஆசிரியர்கள் இருட்டுவதற்கு முன் வீடு திரும்பும்படி நேரம் அமையட்டும். தமிழில் பேசக்கூடாது என்று எவரையும் தடுக்க வேண்டாம். பிள்ளையின் தெருத்தமிழையும் இழிவாகப் பேச வேண்டாம். வீட்டுப் பேச்சு தவறு என்று கேட்ட பிள்ளை வேறெந்த மொழியிலும் வாய் திறக்க அஞ்சும். இறுதியாக, அந்த அறையில் ஒருவர் பிழையைக் கண்டு மற்றொருவர் சிரிக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள்.

இளைஞர்களே, உங்களில் கல்லூரி முடித்தவர்கள் இருக்கிறீர்கள். நான் பணியில் சேர்ந்த நாளில், சரியான ஆங்கில ஒலிப்பைக் கேட்க எனக்கு வானொலி ஒன்றே துணை. இன்று உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் எந்தச் சொல்லின் ஒலிப்பையும் நொடியில் கேட்கலாம். ஆனால் "நாமா, நாங்களா?" என்று ஒரு பிள்ளை ஏன் கேட்கிறாள் என்பதைக் கைப்பேசி அறியாது. அந்தத் தெருவில் பிறந்த நீங்கள் அறிவீர்கள். ஆகவே மாதத்தில் ஒரு நாளை இந்தப் பயிலரங்கிற்குத் தாருங்கள். கற்பிக்க வாருங்கள், கற்கவும் வாருங்கள்.

அந்தப் பெண்பிள்ளை பள்ளியை முடித்துச் சென்றபின் நான் அவளைச் சந்திக்கவில்லை. அவள் கேள்விக்கு விடை இப்போது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல வாய்க்காததை, இனி எழுந்து நின்று கேட்கப்போகும் பிள்ளைகளுக்காவது நம் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். "உட்கார்" என்னும் சொல் அப்பிள்ளைகளின் காதில் விழக் கூடாது.