அவரிடமே கேளுங்கள்



கல்யாண வீட்டுப் பந்தி. சக்கர நாற்காலியில் ஒருவர் இலை முன்னால் இருக்கிறார். பரிமாறுகிறவர் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்கிறார்: "சாருக்கு ரசம் ஊத்தலாமா?"

சாப்பிடப் போகிறவர் அங்கேயேதான் இருக்கிறார்!

சினிமாவும் ரொம்ப காலமாக இப்படித்தான். மாற்றுத்திறனாளியின் கதை இருக்கும். மாற்றுத்திறனாளி இருக்க மாட்டார்.

அமெரிக்காவில் நிக் நோவிக்கி என்று ஒரு நடிகர். உயரம் மிகக் குறைந்தவர். திரையில் தன்னைப் போன்றவர்கள் இவ்வளவு குறைவாக இருக்கிறார்களே என்று 2013-ல் ஒரு குறும்படப் போட்டி தொடங்கினார். இப்போது ஈஸ்டர்சீல்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கிறது. ஐந்தே நாளில் கதை எழுதி, படம் எடுத்து, எடிட்டிங்கும் முடிக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை, மாற்றுத்திறனாளி ஒருவராவது அதில் பங்கெடுக்க வேண்டும். நடிக்கலாம். கேமராவுக்குப் பின்னாலும் நிற்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. கதை உடற்குறையைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காதலாக இருக்கலாம், திகிலாக இருக்கலாம், வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கலாம். கதை எதுவானாலும் சரி, ஆள் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் குறும்படம் எடுக்கிறதா? பக்கத்துத் தெருவில் ஊன்றுகோலோடு நடக்கிற அந்தத் தம்பியை நடிக்க வருகிறாயா என்று கேட்கச் சொல்லுங்கள். அவன் அம்மாவிடம் அல்ல, அவனிடமே.