இயங்குதளத்துக்கு எழுத்தால் ஆணையிடுதல்



கணிப்பொறியைக் கற்றோம் என்று நம் பிள்ளைகள் பலர் கூறுகின்றனர். கேட்டுப் பார்த்தால், திரையில் தோன்றும் படங்களைச் சுட்டியால் தொடுவதையே கற்றிருக்கின்றனர். அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் பத்துக் கோப்புகளுக்குப் பெயர் மாற்றத்தான் சுட்டி உதவும். இரண்டாயிரம் சான்றிதழ் நகல்களுக்குப் பதிவெண்ணைப் பெயராக இட வேண்டுமெனில் கை ஓய்ந்துவிடும். கோப்புகளைக் காப்பதும் நிரல்களை ஓட்டுவதும் இயங்குதளத்தின் பணி. அதனிடம் நேரே எழுத்தால் ஆணையிடக் கற்றவருக்கு இது சில வரிகளில் முடிகின்ற வேலை.

இந்த வழி புதியதன்று. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ், 'ஷெல்' என்னும் ஆணை வாயிலைக் கொண்டிருந்தது. 1979இல் வெளிவந்த போர்ன் ஷெல் புகழ்பெற்றது. பின்னர் ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ராசம் என்பார் 'அமீபா' என்னும் இயங்குதள ஆய்வில் பணியாற்றினார். அதற்கான பராமரிப்புக் கருவிகளை சி மொழியில் எழுதக் காலம் மிகுதியாயிற்று. அமீபாவின் அடிப்படைச் செயல்கள் வேறாக இருந்தமையால் போர்ன் ஷெல்லும் ஒத்துவரவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட மொழி ஒன்றை 1989 டிசம்பர் விடுமுறையில் எழுதத் தொடங்கினார். 1991இல் வெளியான அம்மொழியே பைத்தான். ஆக, இயங்குதளத்தோடு பேசுவது அதன் பிறவிக் குணம் எனலாம்.

பைத்தானில் 'ஓஎஸ்' என்றொரு தொகுதி உண்டு. அதிலுள்ள 'லிஸ்ட்டிர்' அடைவிலுள்ள பெயர்களைத் தரும். அகர வரிசையில் தரும் என எண்ணிவிடாதீர்கள், வரிசைப்படுத்துவது நம் பொறுப்பு. 'ரீநேம்' பெயரை மாற்றும். புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், விண்டோஸில் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸிலோ ஓசையின்றிப் பழைய கோப்பை அழித்து அவ்விடத்தில் அமர்ந்துவிடும். ஒரு மாணவனின் சான்றிதழ் மற்றொருவனுடையதால் மறைந்து போவது இப்படித்தான். 'ரிமூவ்' என்பது குப்பைக்கூடைக்கு அனுப்புவதன்று, அடியோடு நீக்குவது. எனவே முதலில் பெயர்களை மாற்றாமல், எதை எதுவாக மாற்றப்போகிறோம் என்று திரையில் மட்டும் அச்சிடுங்கள். கண்ணால் சரிபார்த்த பின்னரே உண்மை ஆணையை எழுதுங்கள். நகல் எடுத்து வைப்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிற நிரல்களை இயக்க 'ஓஎஸ்.சிஸ்டம்' என்ற பழைய வழி உண்டு. அது முழு வரியையும் ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. கோப்பின் பெயருக்குள் அரைப்புள்ளி இருந்தால், லினக்ஸின் ஷெல் அதற்குப் பின்னுள்ளதை வேறோர் ஆணையாகக் கொண்டு நிறைவேற்றும். தீயோர் இதைப் பயன்படுத்திக்கொள்வர். 2004 முதல் உள்ள 'சப்புராசஸ்' தொகுதியில் ஆணையையும் பெயரையும் தனித்தனியே பட்டியலாகக் கொடுத்தால், ஷெல் இடையில் வருவதில்லை. முடிவில் சுழியம் திரும்பினால் வெற்றி என்பது வழக்கு. வேறு எண்ணாயின் பிழை. இதைப் பாராமல் அடுத்த வேலைக்குத் தாவுவோர் மிகப் பலர்.

பைத்தானுக்கு விலையில்லை. லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் அது முன்னரே இருக்கும், விண்டோஸுக்கு இறக்கிக்கொள்ளலாம். உள்ளே நுழைந்து, தொகுதியை அழைத்து, 'ஹெல்ப்' என்று கேட்டால் விளக்கம் விரியும். அது ஆங்கிலத்தில் இருக்கும். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு பக்கம் படியுங்கள்.