பின்தொடர்பவனும் நமது லயங்களும்
(டயகமவில் மாதர் கூட்டத்தில் பேசியது)



சம்பளம், பேர், கொழுந்து நிறை என்றே பேசிப் பழகிய மேடை இது. இன்று வேறொன்றைப் பேசுகிறோம். ஒருவன் ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வதைப் பார்த்தால் "வயசுப் பையன்தானே" என்று சிரிக்கிறோம். சினிமா வேறு அதைக் காதல் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறது.

2022 ஒக்டோபர் 13ஆம் திகதி சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஒருவன் ரயில் முன் தள்ளிக் கொன்றான். யாரோ அந்நியன் இல்லை, அவளுடைய பகுதியிலேயே குடியிருந்தவன். அவன் தொல்லை பற்றி முன்பே பொலிஸில் முறைப்பாடு இருந்தது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவனுக்கு மரணதண்டனை விதித்தது. அவள் திரும்பி வரவில்லையே.

அவுஸ்திரேலிய மனநல மருத்துவர் போல் மல்லன் குழுவினர் இப்படிப்பட்ட 145 பேரை ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். அதிகமாக இருந்தவர்கள், உறவு முறிந்ததைத் தாங்காதவர்கள். கைநீட்டுவதிலும் அவர்கள் முன்னால் நின்றார்கள். இன்று அழுது மன்னிப்புக் கேட்பான், நாளை மிரட்டுவான், மறுநாள் "செத்துப்போவேன்" என்பான். நம்பரைத் தடுத்தால் கூட்டாளியின் போனில் எடுப்பான். முப்பது தடவை எடுத்தபின் ஒருமுறை பதில் சொன்னால், முப்பது தடவை எடுத்தால் பதில் வரும் என்றுதான் அவன் படித்துக்கொள்வான். ஒரேயொரு முறை, தெளிவாக "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நாமோ பிள்ளையின் வகுப்பை நிறுத்துகிறோம், அவசரமாகக் கல்யாணம் பேசுகிறோம். தவறு செய்தவன் ரோட்டில் நிற்கிறான், தண்டனை வீட்டுக்குள் நடக்கிறது.

நமது தண்டனைச் சட்டக்கோவையில் பின்தொடர்வதற்கென்று தனிப்பிரிவு இல்லை. இந்தியாவில் 2013இல் கொண்டுவந்தார்கள். ஆனால் 345ஆம் பிரிவு இருக்கிறது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுத்தால் ஐந்து வருடம் வரை சிறை. திகதி, நேரம், இடம் எழுதிவையுங்கள். வந்த மெசேஜை வெட்கப்பட்டு அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்வது நமது உரிமை. பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929.

தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைப்பது சம்பளத் தகராறுக்குச் சரி, இதற்குச் சரிவராது. அந்தக் கூட்டமே அவனுக்கு அவளைப் பார்க்க இன்னொரு சந்தர்ப்பம். தலைவர் பொலிஸுக்குக் கூடப் போகட்டும். தொல்லை கொடுப்பவர் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ என்றால், கமிட்டி அன்றைக்கே துரைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், நகல் சங்கக் காரியாலயத்துக்கு வரவேண்டும்.