மாணவரின் ஓய்வு நேரம் ஓர் அமானிதம்





உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாகும் பிள்ளையின் வீட்டில் அன்று பெருநாள்தான். எந்தப் பீடம், எத்தனை வருடப் படிப்பு, முடித்து வந்தால் என்ன தொழில் என்றெல்லாம் ஊரே விசாரிக்கும். ஆயினும், விரிவுரைகள் முடிந்த பின்னர், மாலை நான்கு மணி தொடக்கம் இரவு கண்ணயரும் வரை அந்தப் பிள்ளை என்ன செய்யும், யாருடன் இருக்கும் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. அந்த விசாரணையைத்தான் இன்றைய உரையில் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். விளையாட்டும் சிரிப்பும் மார்க்கத்திற்கு விரோதமானவை என்று எண்ணுவது தவறாகும். பெருநாள் தினமொன்றில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியபோது, நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுக்காதது மட்டுமன்றி, அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் சலிக்கும் வரை பார்த்திருக்கவும் இடமளித்தார்கள். குடும்பத்தாருடன் கலந்திருக்கும்போது தமது உள்ளத்தின் நிலை மாறிவிடுகிறதே என்று ஹன்ழலா (ரழி) அவர்கள் கவலைப்பட்டபோது, அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்ற கருத்துப்படவே நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். அதே நபியவர்கள்தாம், உடல் நலமும் ஓய்வு நேரமும் மனிதரில் அனேகர் நஷ்டமடைந்துவிடும் இரு அருட்கொடைகள் என்றும் எச்சரித்தார்கள். ஆகவே, ஓய்வு ஆகுமானது. அதே வேளை அது கணக்குக் கேட்கப்படும் அமானிதமுமாகும்.

இந்த அமானிதத்தைப் பேணியோர் நமது நாட்டிலேயே உள்ளனர். 1942இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலி கங்கைக் கரையில் அமைந்த பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மாணவர் ஒன்றாகத் தங்கி வாழும் பல்கலைக்கழகமாகவே அது திட்டமிடப்பட்டது. அங்குள்ள விடுதிகளுள் ஒன்று நீதியரசர் அக்பரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் வழிகாட்டலில், தமிழ் மாணவர்கள் தமது மாலை வேளைகளைப் பயிற்சிக்குச் செலவிட்டு, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகிய கூத்துகளை மேடையேற்றினர். கிராமத்துக் களரியோடு நின்றிருந்த மட்டக்களப்புக் கூத்து நாடறிந்த கலையாயிற்று. பாடத்திட்டத்திற்கு வெளியே கழிந்த மணித்தியாலங்களின் விளைச்சல் அது.

நமது சமூகத்திலும் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் வசதியற்ற மாணவருக்காக 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியையும், 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையையும் உருவாக்க முன்னின்றார்கள். அரச பணிக்கும் கல்லூரி அதிபர் பணிக்கும் அப்பால் கிடைத்த நேரத்திலேயே இத்தகைய பணிகள் நிறைவேறின.

இளைஞர்களே! இன்று உங்கள் நேரம் எங்கே செல்கின்றது? கணக்கொன்று போட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசியில் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் வீணாகின்றது என வைத்துக் கொள்வோம். நான்கு வருடப் பட்டப்படிப்பில் அது 4,380 மணித்தியாலங்களாகும். இரவும் பகலுமாகச் சேர்த்தால் 182 நாட்களுக்கு மேல், அதாவது ஏறத்தாழ அரை வருடம்! அரை வருடத்தை எவராவது பறிக்க வந்தால் சண்டைக்குச் செல்வோம். சிறிது சிறிதாகப் பறிபோகும்போது நமக்குத் தெரிவதில்லை. நள்ளிரவு தாண்டியும் திரையில் விழித்திருப்பவருக்கு ஸுப்ஹு தவறுகின்றது. ஸுப்ஹு தவறியவருக்குக் காலை விரிவுரையும் தவறுகின்றது. விரிவுரை தவறியவர் நண்பரின் குறிப்பேட்டை நம்பிப் பரீட்சைக்குச் செல்கின்றார்.

அடுத்தது பகிடிவதை. ‘இது ஒரு சம்பிரதாயம், புதிய மாணவரின் கூச்சத்தைப் போக்கும் வேடிக்கை’ என்று சொல்வோர் உண்டு. பிரயாணமொன்றில் உறங்கிக் கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றொருவர் எடுத்தபோது, அவர் விழித்துத் திடுக்கிட்டார். வேடிக்கைபோல் தோன்றிய அச்செயலைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது எந்த முஸ்லிமுக்கும் ஆகுமானதல்ல என்று உணர்த்தினார்கள். ஒரு கயிற்றுக்கே இந்தக் கண்டனமென்றால், இரவிலே வரிசையில் நிறுத்தி ஏசுவதற்கும் அடிப்பதற்கும் என்ன பதில் சொல்வோம்? நாட்டின் சட்டமும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பகிடிவதையைக் குற்றமாக்கியுள்ளது. அதற்கு இரண்டு வருடங்கள் வரையும், பாரதூரமான காயமோ பாலியல் தொல்லையோ ஏற்படுத்தப்பட்டிருப்பின் பத்து வருடங்கள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். ‘எனக்குச் செய்தார்கள், நான் செய்கின்றேன்’ என்பது நியாயமாகாது. உங்களுக்கு நேர்ந்த வேதனை உங்களோடு முடியட்டும்.

மூன்றாவது, நட்பு வட்டம். ஊரவர் ஊரவரோடு அறை எடுப்பதும், ஒரே மேசையில் உண்பதும் ஆரம்பத்தில் ஆறுதலாக இருக்கலாம். நான்கு வருடமும் அந்த வட்டத்திற்குள்ளேயே இருந்துவிட்டால், பக்கத்து அறைச் சிங்கள மாணவரின் பெயர்கூடத் தெரியாமல் பட்டம் பெற்று வெளியேறுவோம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் சமூகங்களுக்கிடையே பரவிய சந்தேகத்தை நாம் மறந்துவிடவில்லை. ஆயிரம் அறிக்கைகளால் நீங்காத சந்தேகம், ஒரே கிரிக்கெட் அணியில் விளையாடிய நண்பனின் ஒரு வார்த்தையால் நீங்கலாம். சிங்கள மொழியை மைதானத்தில் கற்றுக் கொள்ளுங்கள். தமிழைச் சிற்றுண்டிச்சாலையில் கற்றுக் கொடுங்கள். அதே வேளை, புகையையும் ‘ஐஸ்’ போதைப்பொருளையும் நட்பின் பெயரால் நீட்டுபவரிடம் மறுப்பைத் தெளிவாகச் சொல்லி விலகிவிடுங்கள்.

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசி அழைப்பில் ‘படிக்கிறாயா? காசு போதுமா?’ என்பதோடு நமது பேச்சு முடிந்துவிடுகின்றது. பிள்ளை விடுதியறையில் தனிமையில் வாடலாம். பகிடிவதைக்குப் பயந்து விரிவுரைக்குச் செல்லாதிருக்கலாம். ‘இன்று மாலை எங்கே போனாய், மகனே? யாருடன் சாப்பிட்டாய், மகளே?’ என்று கேளுங்கள். அதட்டுவதற்காகக் கேட்டால் பொய் வரும். அறிந்து கொள்வதற்காகக் கேட்டால் உண்மை வரும். வாப்பா வெளிநாட்டில் உழைக்கும் குடும்பங்களில் இந்தப் பொறுப்பு உம்மாவின் தலையில் மட்டும் விழுகின்றது. கடல் கடந்திருக்கும் வாப்பாவும் பணத்தோடு சேர்த்துத் தமது நேரத்தையும் அனுப்பி வைக்க வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். விடுமுறைக்கு வீடு வரும் மகன் அஸருக்குப் பின் மைதானத்திற்குச் செல்கின்றார்; அதே பரீட்சையை எழுதி வந்த மகளோ சமையலறைக்குச் செல்கின்றார். ஓய்வு இருவருக்கும் உரிய அருட்கொடையல்லவா? நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுபவர்களாக இருந்தார்கள் என அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மகனும் கோப்பைகளைக் கழுவட்டும். மகளுக்கும் வாசிக்கவும் தோழியரைச் சந்திக்கவும் நேரம் கிடைக்கட்டும்.

இளைஞர்களே! ஐவேளைத் தொழுகை உங்கள் நாளை ஏற்கனவே பகுத்துத் தந்திருக்கின்றது. அஸருக்குப் பின் மைதானம், மஃரிபுக்குப் பின் நூலகமோ நண்பரோடு கலந்துரையாடலோ, இஷாவுக்குப் பின் பாடமும் வீட்டாருடன் சிறிது பேச்சும் என்று ஒழுங்கு செய்து, உறங்கும் நேரத்தில் தொலைபேசியைக் கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, சாதாரண தரம் எழுதவிருக்கும் நான்கு பிள்ளைகளுக்குக் கணிதமோ ஆங்கிலமோ சொல்லிக் கொடுங்கள். தனியார் வகுப்புக்குக் கட்டணம் செலுத்த முடியாத வீடுகள் நமது ஒவ்வொரு வீதியிலும் உள்ளன. இலவசக் கல்வியால் உயர்ந்தவர் அந்த வீடுகளுக்குக் கடன்பட்டவராவார்.

பட்டச் சான்றிதழில் உங்கள் மாலை வேளைகளுக்குப் புள்ளி இடப்படுவதில்லை. ஆனால், மறுமையில் வாலிபத்தை எவ்வாறு கழித்தாய் என்று வினவப்படும் நாளில் அவையும் எண்ணப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கல்வியிலும் ஓய்விலும் பரக்கத் செய்வாயாக! அவர்களைத் தீய தோழமையிலிருந்து பாதுகாத்து, தாய் தந்தையருக்கும் தாய்நாட்டிற்கும் பயனுள்ளவர்களாக ஆக்குவாயாக! ஆமீன்.