கீழாநெல்லியும் கணக்கும்



செண்பகத்தோப்பில் மழைக்குப் பின் முளைக்கும் கீழாநெல்லியை அறியாதவர் நம்மில் இல்லை. மஞ்சட்காமாலைக்கு அதனை மோரில் கலக்கிக் கொடுத்த பாட்டிமார் நமக்கு உண்டு. கல்லீரல் உயிரணுக்களில் புகுந்து பெருகும் 'பி' வகைக் காமாலைக் கிருமியை அச்செடி அகற்றுமா என ஆராய்ந்தவர் சென்னை நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன். அக்கிருமியை அடையாளங்கண்டு 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் உடன் சேர்ந்தார்.

கிருமியை நெடுநாள் உடலில் தாங்கியவருள் 37 பேருக்குச் செடித்தூளும், 23 பேருக்கு மருந்தற்ற வெறுந்தூளும் 30 நாள் கொடுத்தனர். முன்னவருள் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, பின்னவருள் ஒருவருக்கே. 1988இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது. இதனைப் படித்து, "பாட்டி வென்றாள்" என்று வகுப்பில் முழங்கினேன். அவசரப்பட்டுவிட்டேன். தாய்லாந்து முதலிய இடங்களில் நடந்த பிற்காலச் சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை.

எனினும் அந்த 23 பேரை நான் மறப்பதில்லை. காமாலை பலருக்குத் தானாகவும் தீரும். ஒப்பிட ஆளில்லையேல், செடியால் தீர்ந்தது எதுவென எங்ஙனம் அறிவது? பாட்டிமாரிடம் அனுபவம் இருந்தது, கணக்கு இல்லை. எழுத்து மறுக்கப்பட்டவர் எதில் கணக்கு எழுதுவர்?

இன்று குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் இக்கிருமிக்கான தடுப்பூசியை அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகின்றனர். நம் தெருவில் எவர் வீட்டுக் குழந்தைக்குப் போட்டாயிற்று, எவருக்கு இல்லை என்று இளைஞர்கள் இன்று மாலையே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம்.