பல் பிடுங்கிய மறுநாள் கூடை வேண்டாம்

(மாதர் கூட்டத்தில் பேசியது)



சம்பளம், வீடு, காணி பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். இன்று பல்லைப் பற்றிப் பேசுவோம். பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போனாலே ஒரு நாள் பேர் போகிறது. மறுநாள் பேரும் போகக்கூடாது என்று விடிந்ததும் பிரட்டுக்குப் போய்விடுகிறோம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து நிற்கும். அதுதான் புண்ணுக்கு மூடி. அது கழன்றால் உள்ளே எலும்பு தெரியும். இரண்டு மூன்று நாளில் காது வரைக்கும் வலி இழுக்கும். ஒரு பேரைப் பிடிக்கப் போய் நாலு பேரை இழப்போம்.

டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருப்போம். 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது. சூடான தேத்தண்ணி அன்று வேண்டாம். ஆறிய கஞ்சி போதும். விறைப்பு போகுமுன் பிள்ளைகள் உதட்டைக் கடித்துவிடாமல் பார்ப்போம். வெற்றிலை, புகையிலை, பீடி, சாராயம் எல்லாம் புண் ஆறும்வரை தள்ளியே இருக்கட்டும். குழிக்குள் கராம்பு, சாம்பல் எதையும் அடைக்க வேண்டாம். வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் பனடோல் குடிப்போம். அஸ்பிரின் நாமாக வாங்கிக் குடித்தால் இரத்தம் நிற்கச் சுணங்கும். இருதயத்துக்கு ஏற்கெனவே அதைக் குடிப்பவர்கள் பல் பிடுங்குமுன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

மறுநாளிலிருந்து ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு மெதுவாகக் கொப்பளிப்போம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து இன்னும் அரை மணி நேரம் கடிப்போம். அப்படியும் நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், வீக்கம் கூடிக்கொண்டே போனால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம். விடியட்டும் என்று லயத்தில் காத்திருக்க வேண்டாம்.

தலையில் கூடையை மாட்டி, குனிந்து மலை ஏறினால் நின்ற இரத்தம் மறுபடி கசியும். ஆகவே பல் பிடுங்கியதும் டாக்டரிடம் ஓய்வுக்குத் துண்டு கேட்போம். கேட்க வெட்கம் வேண்டாம். துண்டைத் தலைவரிடம் கொடுங்கள். கணக்கப்பிள்ளையிடமும் துரையிடமும் பேசுவது சங்கத்தின் வேலை. அன்றைக்குத் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் தூக்குவது பக்கத்துக் காம்பராக்காரர் வேலை.